நகம் தட்டாத பொருத்து

குணரத்தினம் அண்ணர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவரைச் சபையில் வைத்துத் தலைகுனிய வைப்பதற்கான பேச்சை நான் மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. தொலைபேசியில் அவருடைய மகன் ரமணன். “அங்கிள், அப்பா போயிட்டார். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர், அப்பிடியே கதிரையில சாய்ஞ்சிட்டார்.” ஆறுதலாக ஏதோ சொன்னேன். போனை வைத்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. நான் பேசவிருந்த எங்கள் துப்பாக்கிக் கழகத்தின் ஆண்டு விருந்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. எட்டு நாள் பொறுக்கக் கூடாதா மனுசனுக்கு?

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சிட்னியில், கிரவீனில் அவர் வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் நல்லதாகவே எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் எழுதப்போவது வேறு.

என்னைவிட எட்டு மாதம்தான் மூத்தவர். அந்த எட்டு மாதத்தை வைத்துக்கொண்டு சாகும்வரை என்னைத் “தம்பி” என்றார். இருவரும் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சிட்னிக்கு வந்தவர்கள். அவர் ஆயுதம் திருத்தும் உரிமம் எடுத்து, எங்கள் துப்பாக்கிச் சுடும் கழகத்தின் பட்டறையைப் பார்த்துக்கொண்டார். நான் அச்சகத்தில் இயந்திரம் திருத்துகிறவன். “துவக்குக்குப் பயந்து ஓடி வந்ததுகள், இஞ்ச வந்து காசு குடுத்துச் சுடுதுகள்” என்று என் மனைவி இருவரையும் சேர்த்தே திட்டுவாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி.

பகை தொடங்கியது ஒரு கைப்பிடியில். என்னிடம் இருந்தது பழைய மாதிரி றிவோல்வர், ஒவ்வொரு சூட்டுக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதன் பிடி என் கைக்குச் சிறிது. சுண்டுவிரல் வெளியே தொங்கும். பிடியைத் தாங்கும் சட்டத்தை மட்டும் பெரிதாக வாங்கினேன். ஐந்தாறு திருகாணிகள்தானே என்று பட்டறையில் அவர் இல்லாத நாளில் நானே பூட்டினேன். தொழிற்சாலையில் துப்பாக்கியின் உடலையும் சட்டத்தையும் ஒன்றாகப் பூட்டித்தான் மினுக்குவார்கள், ஆகவே வேறு சட்டம் அப்படியே பொருந்தாது என்பது எனக்குத் தெரியாது. ஒரு இடத்தில் உடல் மேடாக நின்றது. அரத்தை எடுத்து அந்த மேட்டை அராவினேன்.

அடுத்த ஞாயிறு, முப்பது பேர் நிற்கும்போது அதை வாங்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, உடலும் சட்டமும் சேரும் பொருத்தின் மேல் பெருவிரல் நகத்தை மெதுவாக இழுத்தார். அதுதான் அவருடைய சோதனை. “கண் ஏமாத்தும். நகம் ஏமாத்தாது” என்பார். நகம் தட்டி நின்றது. “ஐயோ தம்பி! வந்த சட்டத்தையெல்லோ அராவ வேணும்? நீர் இருந்த உடம்பை அராவிப் போட்டீரே! ஸ்குறூ எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி வரிசையா நிக்குது, பொருத்து வாய்க்கால் மாதிரிக் கிடக்கு.” பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். முப்பது பேரும் சிரித்தார்கள். திருகாணித் தலையிலுள்ள பிளவுகளை எல்லாம் ஒரே திசையில் நிறுத்துவது என் தொழிற்பழக்கம். ஒன்று இளகினாலும் உடனே கண்ணில் படும். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு நாள் வைத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, என் மனைவி சத்திரசிகிச்சை முடிந்து கிடந்தபோது மூன்று கிழமை தினமும் சாப்பாடு கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகலாம்தானே? குசினி அலுமாரிக்கு நான் பூட்டிய கதவில் நகத்தை இழுத்துப் பார்த்து, “ம்ம்” என்று ஒரு சத்தம் போட்டார். அந்த “ம்ம்” இன்னும் காதுக்குள் நிற்கிறது.

நான் வருசக்கணக்காகப் பழைய இரும்புத் துண்டுகளைப் பூட்டிப் பூட்டி அராவிப் பழகினேன். பிறகு மெல்பேர்னில் ஒருவரிடம் அதே மாதிரி றிவோல்வர் ஒன்றும், புதுச் சட்டம் ஒன்றும் வாங்கினேன். இம்முறை உடலில் கை வைக்கவில்லை. சட்டத்தைப் பூட்டி, உடலின் விளிம்பை அதில் கோடாகக் கீறி, கழற்றி, கோடு வரை அராவி, மறுபடி பூட்டிப் பார்த்தேன். வேலை முடிந்ததும் கழகத் தலைவர் பிறையனிடம் கொடுத்து, மெல்பேர்ன்காரர் ஒருவருடையது என்று சொல்லி அண்ணரிடம் காட்டச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்ணை மூடினார். நகத்தை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். “இது வேலை” என்றார் ஆங்கிலத்தில். “செய்தவனுக்கு நான் கை குடுக்க வேணும்.”

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது பேர் முன்னால் பட்டதை முப்பது பேர் முன்னால்தான் தீர்க்க வேண்டும். விருந்தில் பேச நேரம் கேட்டு வாங்கினேன். பேச்சு தயாரானது. அவர் செத்துப்போனார்.

இறுதிச் சடங்கில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெருவிரலைப் பார்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

வெளியே ரமணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “அங்கிள், அப்பாவுக்குத் தெரியும். தட் ரிவோல்வர் உங்கட வேலை எண்டு அண்டைக்கே வீட்ட வந்து சொன்னவர். ஸ்குறூஸ் எல்லாம் இன் அ லைன். நீங்கள் டின்னரில பேசப் போறீங்கள் எண்டு பிறையன் சொல்ல, அப்பாவும் ஒரு ஸ்பீச் எழுதி வச்சவர். உங்கட முகத்தைப் பாக்க வேணுமாம்.” நான்காக மடித்த ஒரு தாளைத் தந்தான்.

அவருடைய குண்டு குண்டான எழுத்து. இரண்டே வரி: “நகம் தட்டேல்லை, கை குடுக்கிறன். ஆனா இதுக்குத் தம்பிக்குப் பதினொரு வருசம் எடுத்தது.”

விருந்து நடந்தது. எழுந்து அவருடைய தாளைத்தான் வாசித்தேன். என்னுடையதை வாசிக்கவில்லை, எதிரே ஆள் இல்லாமல் யாரை வெல்வது? இரண்டு தாளும் இப்போது என் அலுமாரியில் ஒன்றாகக் கிடக்கின்றன. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு தாளும், அதிலுள்ள ஒரு பிழையும்தான்.

பதினொரு வருசம் இல்லை, அண்ணை. பத்து வருசமும் நாலு மாதமும். எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லுங்கோ பாப்பம்.