பேட்டரி எவ்ளோ காட்டுது

வெள்ளிக்கிழமை சவூதியில் லீவு. ஜும்மா தொழுது, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து என் கணவர் வீடியோவில் கூப்பிடுவார். முகம் முழுசாகத் தெரிவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"பேட்டரி எவ்ளோ காட்டுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தையல் கோணல், பசைக் கறை, தோலில் சுருக்கம் என்று வாரம் முழுக்க நின்றபடி குறை கண்டுபிடிக்க வேண்டும். கால் வீங்கி வீடு வந்து சேர்ந்தால், கட்டின புருஷன் வண்டியை நலம் விசாரிக்கிறார்.

அந்த வண்டியை அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். வாங்கும்போதே அது பழைய மோட்டார் சைக்கிள். கனத்த இரும்பு உடம்பு, செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும். அந்தக் காலத்து வண்டி என்பதால் பேட்டரியில் கரண்ட் இல்லாவிட்டால் எவ்வளவு உதைத்தாலும் பிளக்கில் பொறி வராது. பேட்டரியோ சும்மா நின்றாலே இறங்கிப்போகும். வாரம் ஒரு முறையாவது இன்ஜின் ஓடி அதற்குச் சார்ஜ் ஏற வேண்டும்.

அவர் வேலை பார்த்த டேனரியில் தோல் பதனிடும் டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி டிரம் நிற்கும்வரை காத்திருக்க அவருக்கு மனசில்லை. குடோன் வேலைக்கு விசா வந்ததும் கிளம்பினார். வண்டியை விற்றுவிட்டுப் போங்களேன் என்றேன்.

"வித்துட்டா, திரும்பி வந்து எதுல உன்ன ஏத்திக்கினு போறது?" என்றார்.

போவதற்கு முன் வேலூர் பஜாரிலிருந்து வோல்ட் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அதன் இரண்டு ஒயர் நுனியிலும் முள் இருக்கும்; சிவப்பு முள் பிளஸ்ஸில், கருப்பு முள் மைனஸில். வண்டி நின்றிருக்கும்போது பன்னிரண்டரைக்கு மேல் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தால் பதினாலு வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் சார்ஜ் போகவில்லை என்று அர்த்தம். பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துவிடும். இதையெல்லாம் அவர் சொன்ன நிதானத்தில் எனக்கு ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் சந்து குறுகல். வண்டி வீட்டுக்குள் வராது. எதிரே தோல் துண்டு மூட்டைகள் போடும் குடோன் ஒன்று இருக்கிறது. அதன் கூரைக்கு அடியில், தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் புர்காவைக் கூடக் கழற்றாமல் நான் அங்கே போக வேண்டும். ரேஸ் கொடுக்க ஒரு கை, முள் பிடிக்க இரண்டு கை, போன் பிடிக்க இன்னொரு கை. அல்லாஹ் எனக்குக் கொடுத்தது இரண்டுதான். போனை மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு முள்ளையும் ஒரே கையில் விரித்துப் பிடிக்கப் பழகினேன். அவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்வார். எனக்கு உடம்பின் கனம் மொத்தத்தையும் கிக்கர்மேல் போட்டாலும் நாலைந்து தடவை ஆகும்.

"இன்னா பாபி, பெங்களூருக்கா?" என்று சந்தில் போகிறவர்கள் என்னை அண்ணி முறை வைத்துக் கேட்பார்கள்.

முதல் மாதம் மீட்டர் தாறுமாறாகக் காட்டியது. டயலைத் தப்பாகத் திருப்பி வைத்திருக்கிறேன் என்று தெரியாமல், மீட்டரே சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்தினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று சிரித்தார்.

வீட்டில் உருதும் தமிழும் கலந்துதான் பேசுவோம். சண்டை மட்டும் சுத்தத் தமிழில். ஒரு வெள்ளிக்கிழமை மழை. குடோனுக்குப் போக சோம்பல்பட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே "பன்னெண்டரை" என்றேன்.

"வண்டி சத்தம் எங்க?"

"இப்பதான் ஆஃப் பண்ணேன்."

"மழைல நனையாம ஆஃப் பண்ணிட்டு வந்துட்டியா? தலை காஞ்சு இருக்குதே."

மாட்டிக்கொண்ட கோபத்தில் நான் வெடித்தேன். "நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாளாவது மொதல்ல கேட்டிருக்கீங்களா? என்னேரமும் பேட்டரி, பேட்டரி!"

அவர் சொன்னார். "உன்ன கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ. காய்ச்சல் அடிச்சாலும் அதேதான் சொல்லுவ. நீ நடந்து போயி, அத உதைச்சு, ரேஸ் குடுத்தா உனக்குத் தெம்பு இருக்குதா இல்லியான்னு எனக்கே தெரிஞ்சிடும். போ, ஸ்டார்ட் பண்ணு."

மழையில் போய் ஸ்டார்ட் செய்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்விமேல் எனக்கு முன்போலக் கோபம் வரவில்லை. கோபம் வந்ததுபோல் காட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எண்ணைச் சொன்னதும் "ஆஃப் பண்ணாத, ஓடட்டும்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதோடு வைத்துக்கொள்வார். நான் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி திரையில் அவருடைய காதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த வண்டியில்தான் பேரணாம்பட்டில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவார். வழியில் கொய்யாப்பழம் வாங்கித் தருவார். நான் பின்னால் உட்கார்ந்து தின்றுகொண்டே வருவேன், பேச மாட்டோம். வண்டிச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. போனிலும் அப்படித்தான் ஆகிப்போனது. ஊர்க்கதை, சம்பளக்கதை எல்லாம் முடிந்த பிறகும் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசி வெள்ளிக்கிழமை மீட்டர் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"கம்மியா இருக்குதே" என்றார். "பேட்டரிக்கு வயசாயிடுச்சு. கொஞ்சம் ஜாஸ்தி நேரம் ஓடட்டும். பெருநாளுக்கு லீவு கேட்டிருக்கேன். நான் வந்து இறங்குற அன்னிக்கு ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆகணும், சொல்லிட்டேன்."

"உங்க மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"நல்லா இருக்கேன்" என்றார்.

வண்டியை நெடுநேரம் ஓடவிட்டேன். பதினாலு வரை ஏறியது. அதை அப்படியே சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

அந்த வாரமே அவருடைய ரூமில் இருப்பவர் கூப்பிட்டார். தூங்கினவர் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. உடலைக் கொண்டுவர ஆகும் நாட்களையும் அலைச்சலையும் யோசித்து, அங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஜனாஸா அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். வெள்ளைத் துணி, பிறகு மண், அதன்மேல் ஒரு கல். எனக்கு அழுகை வரவில்லை. வாய்விட்டு அழுதுடும்மா என்று பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நான் எப்படி அழுவேன்? இத்தனை காலமாக அவர் எனக்குப் போனுக்குள்தான் இருந்தார். போனுக்குள் இருக்கிறவர் வெள்ளிக்கிழமையானால் கூப்பிடுவார் என்றுதான் மனசு சொன்னது.

இத்தத் இருந்தேன். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இருக்கும் காலம். கம்பெனிக்குச் சொல்லிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்தேன். துணைக்கு அவருடைய அக்கா வந்து தங்கினார். நான் அவரை ஆபா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி, ஆனால் நாக்கு கத்தி.

அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே தார்ப்பாய் தெரியும். முதல் வெள்ளிக்கிழமை மாலை, யாரையாவது விட்டு வண்டியைக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க ஆபா, பேட்டரி இறங்கிடும் என்றேன்.

ஆபா தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என் தம்பி மண்ணுக்குள்ள படுத்திருக்கான். உனக்கு வண்டி பேட்டரியா?"

அந்த வார்த்தைக்குப் பிறகு வேறு யாரிடமும் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டேயிருந்தன. ஜன்னலில் நின்று மனசுக்குள்ளேயே முள்ளை வைத்துப் பார்ப்பேன். இப்போது பதினொன்று இருக்கும். இப்போது பத்து. காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியது. சீட்டில் ஒரு பூனை படுக்க ஆரம்பித்தது. சந்துக்கு அந்தப் பக்கம் வண்டி. எட்டிப் பார்க்கிற தூரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பெருநாளும் வந்து போனது.

இத்தத் முடிந்த அன்று குளித்து, ஆபா எடுத்துவந்த புதுத் துணியை உடுத்தினேன். அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக ஆட்டோ சந்து முனையில் நின்றது. நான் அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் குடோனுக்குப் போனேன். ஆபா பின்னாலேயே வந்தார். பூனை இறங்கி ஓடியது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் புர்கா நுனியால் துடைத்துவிட்டு முள்ளை வைத்தேன்.

மூன்று காட்டியது. முள்ளை அழுத்திப் பிடித்தேன். டயலைச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. சாவியைப் போட்டேன். சின்ன விளக்குகூட எரியவில்லை. மீட்டரில் எண் இன்னும் இறங்கியது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் செத்துவிட்டார் என்பதை முதன்முதலில் அங்கேதான் என் கண்ணால் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி கதறினேன். அவர் ஒப்படைத்துவிட்டுப் போனது இது ஒன்றுதான், இதைக்கூட என்னால் வைத்திருக்க முடியவில்லை என்று கதறினேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆபா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்தார். வண்டியின் சக்கரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். குரலில்கூட தம்பியின் சாயல் இருந்தது.

"எவ்ளோ காட்டுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல ஆபா" என்றேன்.