பல்லுக்கு முன்னால் ஒரு மாத்திரை

பல் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் "போயிட்டு வாரேன்" என்று சந்தோஷமாகச் சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு. "வந்துட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

நாமக்கல்லில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நாற்காலியைப் பார்த்தாலே நடுங்குகிறவர்களுக்கு எங்கள் டாக்டர் ஒரு மாத்திரை கொடுப்பார். ஒரு மணி நேரத்தில் கண் சொக்கும், பயம் தெளியும். ஆள் முழுசாகத் தூங்கவும் மாட்டார். பி.பி. பார்ப்பது, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் கிளிப் மாட்டுவது, கடைசியில் கூட வந்தவரிடம் ஆளை ஒப்படைப்பது எல்லாம் என் பொறுப்பு. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் நண்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

யாருடைய பல்?

ஹாஜிரா அம்மாவுக்கு நாமகிரிப்பேட்டையில் ஜவுளிக்கடை. சொத்தைப் பல்லோடு இரண்டு வருடம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டவர். மூன்று தடவை எங்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். நாலாவது தடவை கன்னம் வீங்கி மகளோடு வந்தார். மாத்திரை போட்டோம். சொன்னபடி வாயைத் திறந்தார். இருபது நிமிடத்தில் பல் வெளியே.

அந்த மாத்திரைக்கு நடந்ததை மறக்கடிக்கிற குணம் உண்டு. தெளிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இன்னிக்கு வேண்டாம்மா, பயமா இருக்கு, இன்னொரு நாள் வர்றேன்" என்று பஞ்சு வைத்த வாயோடு கிளம்பினார். மகள் ஓடிப்போய்க் கிண்ணத்தில் கிடந்த பல்லைக் கொண்டுவந்து காட்டினாள். குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எவளோட பல்லையோ காட்டி என்னை ஏமாத்தறியா? என் பல்லு இவ்வளவு அசிங்கமா இருக்காது!"

துணைக்கு வந்தவர்

எருமப்பட்டியிலிருந்து சரசு அக்கா பல் எடுக்க வந்திருந்தார். துணைக்குக் கணவர். மாத்திரையைச் சின்னக் கப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் கப் காலி. "முழுங்கிட்டீங்களாக்கா?" என்றேன். அவர் கணவரைக் கை காட்டினார். "இவ கத்துனா என்னால தாங்க முடியாதுங்க சிஸ்டர்" என்றார் அந்த மனிதர்.

டாக்டர் பதறிப்போய் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, நாடி பார்த்து, விரலில் கிளிப் மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை, குறட்டை மட்டும் வந்தது. சரசு அக்கா வெறும் மரப்பு ஊசியோடு பல்லை எடுத்துக்கொண்டு, தன் தம்பிக்கு போன் பண்ணிக் காரை வரச் சொன்னார். அப்புறம் கட்டில் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னார்:

"இருபது வருசமா இதே கதைதானுங்க. நோவு எனக்கு, படுத்துக்கறது அவரு."

கீழே டீ குடிக்கிற மச்சான்

செல்வராஜ் அண்ணன் நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டுகிறவர். துணைக்கு யார் என்று கேட்டதற்கு, "மச்சான் கீழ டீ குடிக்கறாருங்க" என்றார். இப்போதெல்லாம் மச்சானைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாத்திரை டப்பாவையே திறப்பேன். அன்றைக்கு நம்பி மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்.

வேலை முடிந்தது. மச்சானைத் தேடினால் அப்படி ஒருத்தர் வரவே இல்லை. அவர் வீட்டு போன் நம்பரைப் பார்க்க ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் ஆள் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ரோட்டோரம் நின்ற அவர் லாரியின் கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ரோடு முழுக்கப் பிள்ளைகள். செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். வாழ்க்கையில் அப்படி நான் ஓடினதில்லை.

லாரிக்குள் எட்டிப் பார்த்தால், கிளீனர் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை உருவினேன். அவர் என்னை முறைத்தார்.

"ஏனுங்க, எவ்வளவு நேரமா உக்காந்திருக்கறது? இந்த டிரைவர் எங்க போய்த் தொலைஞ்சான்?"

பயப்படுகிறவர்களுக்கு மாத்திரை வந்துவிட்டது. அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.