அப்போதிக்கரி ஐயா பேசிய கூட்டம்

அப்போதிக்கரி ஐயாவைத் தேர்தலில் நிற்கச் சொன்னவன் நான்தான். அப்போது வவுனியாக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தேன். ஊரிலிருந்த சமூக சேவைச் சங்கத்துக்குச் செயலாளரும் நானே. பட்டினசபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு ஓர் அரிசி ஆலை முதலாளி மட்டுமே நிற்பதாக இருந்தது. வென்றால் அவரே தலைவர் என்று பேச்சு. போட்டியே இல்லாமல் ஒருவர் வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஐயா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். மலேரியாக் காலத்தில் காட்டு ஊர்களுக்குச் சைக்கிளில் குயினைன் கொண்டு போனவர். நான் போய்க் கேட்டதும் முகம் மலர்ந்து, "ஓம் தம்பி, நிப்பம்" என்றார்.

அவருடைய மனைவி அடுப்பு வேலையை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்று, "இந்த வயசில என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்திய ஞாயிறு மாலை இரண்டு வேட்பாளர்களையும் சங்கத்தில் பேச அழைத்தோம். பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம். நேரம் முடிந்தால் மேசை மணியை அடிப்பது என் வேலை.

ஐயா முதலில் பேசினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள குடிசைகளில் கழிவுநீர் தேங்கி நுளம்பு பெருகுவதையும், ஒரு வாய்க்கால் வெட்டினால் பாதிக் காய்ச்சல் போய்விடும் என்பதையும் அழகாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற சனத்தைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேணும்" என்று திரும்பத் தொடங்கினார். அதே சொற்கள், அதே இடத்தில் அதே சிரிப்பு. அழுத்திச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் முறையும் தொடங்கியபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. அடித்தால் அவமதித்ததாகிவிடும் என்று மணியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அடித்திருக்க வேண்டும்.

சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. ஐயா நிறுத்திவிட்டுச் சனத்தைப் பார்த்தார். என்ன பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று தேடுகிற பார்வை. ஆலை முதலாளிதான் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்தார்.

"ஐயா, என்ர மகன் உங்கட மருந்தாலதான் தப்பினவன். வாங்கோ, வந்து இருங்கோ."

அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, தன் முறைக்கு இரண்டே நிமிடம் பேசி முடித்தார்.

கூட்டம் கலைந்தபின் ஐயாவின் மனைவி என்னிடம் வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு வருசமா இப்பிடித்தான், தம்பி. சாப்பிட்டதை மறந்துபோய்த் திரும்பக் கேட்பார். வெளியில தெரியாமல் வைச்சிருந்தனான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"நீங்கள் வந்து கேட்ட அண்டைக்கு அவர் எவ்வளவு சந்தோசப்பட்டவர் தெரியுமே? அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

வேட்புமனுவை மீளப் பெறும் காலம் கடந்திருந்தது. ஆலை முதலாளி வென்றார், தலைவருமானார். ஐயாவுக்கு விழுந்தவை மிகச் சில வாக்குகள். தோற்ற செய்தியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சில மாதம் கழித்துச் சந்தையில் கண்டபோது, "தம்பி, கூட்டம் எப்ப? பேசவேண்டியதை எழுதி வைச்சிருக்கிறன்" என்றார்.

"இன்னும் நாள் குறிக்கேல்லை, ஐயா" என்று பொய் சொன்னேன்.

அந்த வருடமே மனைவி அவரைச் சாவகச்சேரியிலிருந்த தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியனுப்ப நிலையத்துக்குப் போய் ரயில் பெட்டிக்குள் ஏறினேன். ஐயாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ பயணி என்று நினைத்து, "இதில இருங்கோ, இடம் இருக்கு" என்று தள்ளி இருந்தார். ரயில் புறப்படும்வரை அவர் பக்கத்தில் இருந்தேன்.

அவர் செத்த செய்தி மாரி மழைக்குள் வந்தது. பாதையை வெள்ளம் மூடியிருந்ததால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. ஐயாவின் மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் தொடங்கினேன். எப்படிக் கேட்பதென்று தெரியாமல், துக்கம் விசாரித்து நாலு வரியோடு முடித்து அனுப்பிவிட்டேன்.