கீழே ஒரு நாள்

அக்காவை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது ஒரு கொடிதான். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில், கூரைத் தகரத்தின் நிழலில் கட்டிய நைலோன் கொடி. அதில் அம்மாவின் சேலை, என் வேலைச் சட்டை, இரண்டுக்கும் நடுவே நீல நிறத்தில் ஒரு சோடி ரப்பர் துடுப்புகள். கடலுக்கடியில் நீந்துகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்பவை. அவை தலைகீழாகத் தொங்க, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சிமெந்துத் தரையில் விழுந்துகொண்டிருக்கும். எங்கள் மலையில் கடலை நேரில் பார்த்தவர்களே கொஞ்சப் பேர். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்ன பெரியம்மா, மக வாத்து வளக்குதா?" என்று ஒருத்தி கேட்டதிலிருந்து அவற்றுக்கு எங்கள் வீட்டில் வாத்துக்கால் என்றே பெயர். "அந்த வாத்துக்கால எடுத்து உள்ள போடுடி, பாக்குற சனம் சிரிக்குது" என்பாள் அம்மா. அக்கா எடுக்க மாட்டாள். "நல்ல தண்ணியில கழுவி நெழல்ல காயப்போடணும்மா. உப்பு இருந்தா ரப்பர் வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கு எடுத்துப்போய் இன்னொரு தடவை கழுவிக்கொண்டு வருவாள்.

தோட்டத்துப் பெண் எப்படிக் கடலுக்குப் போனாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு நீச்சல் தடாகத்தின் வழியாகப் போனாள். குண்டசாலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் அவள் கணக்குப் பிரிவில் இருந்தாள். விருந்தினர் குறைவான மாதங்களில் ஊழியர்கள் தடாகத்தில் இறங்கலாம். அங்கேதான் நீந்தப் பழகினாள். ஒருமுறை திருகோணமலையிலிருந்து ஆழ்கடல் நீச்சல் பழக்குகிறவர் ஒருவர் விருந்தினருக்கு அறிமுக வகுப்பு எடுக்க வந்தார். பெயர் கொடுத்திருந்த ஒருவர் கடைசி நேரத்தில் பயந்து விலகிவிட, சும்மா கிடந்த காற்றுச் சிலிண்டரை அக்காவின் முதுகில் கட்டிவிட்டார்கள். "அடியில உக்காந்து மூச்சு விட்டேன்டி. வேற சத்தமே இல்ல. என் மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு" என்று அன்று பஸ்ஸால் இறங்கியதும் சொன்னாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உடனே புரிந்தது. லயத்தில் பக்கத்து வீட்டு இருமலும் ரேடியோவும் சண்டையும் எங்களுடையவைதான். அவள் தன் மூச்சை அதற்கு முன் தனியாகக் கேட்டிருக்கவே மாட்டாள்.

செலவு இருந்தது. நான் மருத்துவமனை உபகரணங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர். எதையும் வரிசைப்படுத்தியே யோசித்துப் பழகியவள். பயிற்சிக்கும் படகுக்கும் கட்டணம். முகக் கண்ணாடியும் துடுப்பும் சொந்தமாக. சிலிண்டரும் மற்றவையும் வாடகைக்கு. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் போகவர பஸ். இவற்றுக்காகத் தீபாவளிச் சேலை நின்றது. ஒருநாள் கையில் காப்பும் இல்லை. அம்மா கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள காப்பு போடக் கூடாதும்மா" என்றாள். விற்றுவிட்டாள் என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டது, இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருந்தது. மாஸ்டர், அந்தத் திருகோணமலைக்காரரை அக்கா அப்படித்தான் சொல்வாள், அதை முதல் நாளே சொல்லியிருந்தார். ஆழத்தில் அமுக்கம் அதிகம். சுவாசிக்கிற காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைந்து ஊறிவிடும். மெல்ல மெல்ல மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டால், சோடாப் போத்தலைத் திறந்தது போல, இரத்தத்திலும் நரம்பிலும் குமிழாகிவிடும். கரைக்கு வந்த பின்னும் அது உடனே முழுதாகப் போய்விடாது. ஆகவே அன்றைக்கு விமானம் ஏறக் கூடாது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு விதி அவ்வளவுதான். ஆயிரம் மீற்றர் உயரத்தில் வீடு வைத்திருப்பவளுக்குப் பஸ்ஸும் விமானம்தான். "பிள்ளை, கடலுக்க இருந்து மேல வாறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. உங்கட மலைக்கு ஏறுறதுக்கும் அந்தக் கணக்குத்தான். கீழ ஒரு நாள் இருந்திட்டுத்தான் போகவேணும்" என்றாராம். ஞாயிறு காலை கடலில் இறங்கினால் திங்கள்தான் பஸ் ஏறலாம். திங்களுக்குச் சம்பளமில்லாத லீவு. சனி, ஞாயிறு இரண்டு இரவும் மாஸ்டரின் தங்கை வீட்டில் தங்கல்.

அந்த இரண்டாவது இரவுதான் எங்கள் வீட்டில் பிரச்சினை. ஓர் இரவை அம்மா எப்படியோ சமாளிப்பாள். ஹோட்டலில் வேலை அதிகம், கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்ல ஏதாவது இருக்கும். இரண்டாவது இரவுக்குச் சொல்ல எதுவும் இல்லை. "குளிச்சு முடிஞ்சா வீட்டுக்கு வர வேண்டியதுதானே? இன்னொரு ராத்திரி அங்க என்ன வேல?" என்று ஒருநாள் கேட்டாள். அக்கா கடையிலிருந்து ஒரு சோடா வாங்கி வந்து, குலுக்கி, அம்மாவின் முகத்துக்கு நேரே திறந்து காட்டினாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத நான் லயத்துல வீடு வீடா போய்த் தொறந்து காட்டவா?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அப்பா இல்லாத வீடு. சிரிப்பு அடங்கிய பிறகும் அம்மாவின் முகத்தில் பயம் அப்படியே இருந்தது.

எனக்கு வரன் வந்தது அந்த நாட்களில்தான். மூத்தவள் இருக்க இளையவளுக்குப் பேசுவது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. "எனக்கு இப்ப வேணாம், அவளுக்குப் பாருங்க" என்று அக்காதான் வழிவிட்டாள். அப்படி வழிவிட்டவள், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசலில் நின்று வாங்க என்று சொல்ல வேண்டும். தன் கையால் தேநீர் கொடுக்க வேண்டும். அவளைக் காணவில்லையென்றால், தங்கை கல்யாணத்தில் அவளுக்கு மனமில்லை என்பார்கள். அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நினைப்பார்கள். அடுத்த வாரம் வருவதாக இருந்தவர்கள், மாப்பிள்ளையின் மாமா அவசரமாக வெளிநாடு திரும்புகிறார் என்று ஒரு ஞாயிறு காலை சொல்லி அனுப்பினார்கள். அன்று பொழுது சாய வருகிறார்களாம். அக்கா திருகோணமலையில் இருந்தாள். அம்மா திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்த பிறகு, கடைசியில்தான் அவள் எடுத்தாள்.

அம்மாவின் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "மூத்தவ எங்கன்னு கேப்பாங்கடி. என்ன சொல்றது? கடலுக்குள்ள இருக்கான்னு சொல்லவா?" மறுமுனை ஏதோ சொன்னது. "ஒரு நாள், ஒரு நாள்னு எப்பவும் இதேதான் ஒனக்கு. இது ஒந் தங்கச்சி வாழ்க்க." பிறகு மறுமுனை சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "சரி தாயி. பாத்து வா" என்று சொல்லி வைத்தாள். கடல் சரியில்லை, ஞாயிறு இறங்க மாட்டேன் போலிருக்கிறது என்று முந்தின நாள் அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் வருகிறாள் என்றதும், இறங்கவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். விடிந்தபோது கடல் தெளிந்திருந்ததும், அவள் இரண்டு முறை ஆழத்துக்குப் போய் வந்த பிறகுதான் அந்த அழைப்பை எடுத்தாள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் வந்து சேர்ந்தாள். தோளில் பை, கையில் அக்குறணையில் இறங்கி வாங்கிய மஸ்கட் இனிப்புப் பெட்டி. "மாப்பிள்ள வீட்டுக்கு வெறும் பிஸ்கட்டா வைப்பீங்க?" என்றாள். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற கல்படிகளின் நடுவில் ஒருமுறை உட்கார்ந்தாள். அவள் அந்தப் படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நின்னுக்கிட்டே வந்தேன்டி, கால் மரத்துப் போச்சு" என்றாள். என் சேலை மடிப்புக்கு ஊசி குத்தும்போது விரல்களை அடிக்கடி உதறிக்கொண்டாள். வந்தவர்களை வாய் நிறைய வரவேற்றாள். சமையலறையிலிருந்து முன்னறைக்குத் தட்டை ஏந்தி வந்தபோது, சுவரில் தோள் உரச உரச வந்தாள். கோப்பைகள் தட்டில் கலகலத்தன. மாப்பிள்ளையின் மாமா, "லீவு நாள்ல நீங்க என்ன செய்வீங்க?" என்று அவளைக் கேட்டார். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "குளிப்பேங்க" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பேச்சு கலகலப்பாகி, அவர்கள் எழுந்து போகும்போது காரியம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

வழியனுப்ப அக்கா மட்டும் எழவில்லை. "வாசல் வரைக்கும் வந்தா என்னடி கொறஞ்சிருவ?" என்று அம்மா திரும்பினாள். "எந்திரிக்க முடியலம்மா" என்றாள், தான் உட்கார்ந்திருக்கும் கதிரையின் கால் ஆடுகிறது என்று சொல்கிற மாதிரி. அம்மா பஸ் அலுப்பு என்று எண்ணெய் காய்ச்சி வந்து, அவளுடைய முழங்காலுக்குக் கீழே அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அக்கா தன் கால்களை வேறு யாருடைய கால்களையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "காலையில எறங்குனேன்டி. வேன் ஒண்ணு புடி" என்றாள்.

கண்டியில், நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கொண்டு போனோம். டாக்டர் கேட்கும் முன்னே அவளே எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள்: எத்தனை முறை, எவ்வளவு ஆழம், எப்போது பஸ் ஏறினாள். ஒட்சிசன் வைத்தார்கள். அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த அளவுமானி நான் சோதித்துக் கையொப்பமிட்டது. அதன் குழாய்க்குள் மிதக்கும் சிறு உருண்டை இருக்க வேண்டிய கோட்டில் அசையாமல் நின்றது. அந்த அறையில் நான் சரிபார்க்கக் கூடியது அது ஒன்றுதான் இருந்தது. திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு வைத்தியம் செய்யும் அமுக்க அறை இருப்பது கரையோரத்தில். அவள் ஏறி வந்த அதே பாதையில் மறுநாள் அம்புலன்ஸில் இறங்கினோம். அக்குறணை தாண்டும்போது முகமூடியை விலக்கி, "இங்கதான் தொடங்குச்சு. மிச்சக் காசு வாங்குனேன், கையில காசு இருக்கிறதே தெரியல" என்றாள். அப்படியானால் ஏன் அங்கிருந்தே திரும்பவில்லை என்று நான் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்திலும் பஸ் போகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இரும்பு அறைக்குள் அவளைப் படுக்க வைத்து, கடலின் ஆழத்து அமுக்கத்துக்குத் திரும்பக் கொண்டுபோய், மிக மெதுவாக மேலே எடுத்தார்கள். வீட்டில் அவளுக்குக் கிடைக்காத அந்த ஒரு நாளை அந்த இயந்திரம் மணிக்கணக்காகத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தது. மாஸ்டர் வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "தம்புள்ளையில சிநேகிதி வீட்ட தங்குறன் எண்டுதானே சொன்னவ. அது பதிவான இடம், உயரமில்ல, பரவாயில்ல எண்டு விட்டனான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார்.

வலது கால் திரும்பி வந்தது. இடது கால் வரவில்லை. ஊன்றுகோலோடு சமதரையில் நடக்கலாம். லயத்துக்கு ஏறும் கல்படிகளில் முடியாது. அதனால் தோட்டத்தை விட்டுக் குண்டசாலையில் கீழ்த்தளத்து வாடகை வீட்டுக்கு வந்தோம். கடலுக்குள் இனி இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வரன் எனக்கு அமைந்தது, அவர் நல்லவர். முதன்முதலில் எங்கள் வீட்டில் குடித்த தேநீரைப் பற்றி இன்றும் வேடிக்கையாகச் சொல்வார், பெண் பார்க்க வந்த தன்னைவிட அக்காவின் கைதான் அதிகம் நடுங்கியது என்று. சொன்ன பிறகு நினைவு வந்து, தலையைக் குனிந்துகொள்வார். அக்கா விடமாட்டாள். "நல்லவேள, மாப்பிள்ள நல்லவரா போயிட்டீங்க. இல்லாட்டி எனக்கு எவ்வளவு நட்டம்" என்பாள். அவள் சிரிப்பாள், நாங்களும் சிரிக்க வேண்டியிருக்கும்.

என்னோடு வேலை செய்யும் இளையவர்கள், ஆழ்கடல் நீச்சல் பழக என்ன செலவாகும் என்று சிலசமயம் கேட்பார்கள். கட்டணம், படகு, வாடகை, பஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். கீழே ஒரு நாள் என்ற இடத்தோடு வரிசையை முடித்துக்கொள்வேன். கடல் அவளிடம் அதிகமாகக் கேட்டது அந்த ஒரு நாளைத்தான். எங்கள் வீட்டில் அது இருக்கவில்லை.

அம்மா அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து சாமான் ஏற்றிய அன்று, மற்றவற்றை எங்களிடம் விட்டுவிட்டு, வாத்துக்காலை மட்டும் சேலைத் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மழையில்லாத ஞாயிறுகளில் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அவற்றை இறக்கி, பின்வாசல் குழாயடிக்கு எடுத்துப் போவாள். குழாயைத் திறந்துவிட்டு உள்பக்கம், வெளிப்பக்கம், விரல் நுழையும் மடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். அந்த ரப்பர் கடலைத் தொட்டு எத்தனையோ வருடமாகிறது. சும்மா நிழலில் வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் கிடக்கும், நனைக்க நனைக்கத்தான் இற்றுப்போகும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வதில்லை.

போன ஞாயிறும் அப்படித்தான். கழுவி வந்து, அக்காவின் கதிரைக்கு எதிரே இருக்கும் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா நின்றாள். இனி என்ன செய்வதென்று தெரியாத மாதிரி நின்றாள். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஊன்றுகோலை மடியில் வைத்தபடி கொடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"ஓரத்துல கொஞ்சம் உப்பு இருக்கும்மா" என்றாள். "இன்னொரு தடவ கழுவிட்டு வாங்க."

அம்மா அவற்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.