உடுக்கத் தெரியாத மகன்

நாற்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்கு ஒழுங்காக உடுக்க வந்தது. அதுவரை மென்பொருள் நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும் டீ-சேட்தான் என் உடுப்பு. என்னை நானே கீக் என்று சொல்லிக்கொள்வேன். நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருப்பவனுக்கு உடுப்பு எதற்கு என்று கேட்க அந்த ஒரு சொல் நல்ல சாட்டாக இருந்தது.

அப்பாவுக்கு அது அறவே பிடிக்காது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேட் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டார். வெள்ளவத்தை ஃபிளாட்டின் படியில் நான் இறங்கும்போதெல்லாம் பின்னால் அவர் குரல் வரும்.

"உந்தக் கோலத்தோடயே வெளிக்கிடுறாய்? பாக்கிற ஆக்கள் உனக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ நினைக்கப் போகினம்."

நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. பிறகு ஒருநாள் அலுவலக லிஃப்டில், புதிதாக வந்த மேலாளர் ஒருவர் என்னைப் பிரிண்டர் திருத்த வந்தவன் என்று நினைத்து, பிரிண்டர் எந்த மாடியில் இருக்கிறது என்று சொன்னார். கோபம் வந்தால் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது, படிக்கத்தான் தெரியும். தோள் தையல் எங்கே விழ வேண்டும், எந்தச் சேட்டுக்கு எந்தக் காற்சட்டை, எந்தத் துணியில் காலை பத்து மணிக்கே வியர்வை தெரியும் என்று எல்லாவற்றையும் எக்செலில் போட்டேன். அளவுகளை மில்லிமீட்டரில் அச்சடித்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் தாளைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு, "தம்பி, இது மனுசனுக்கா, மெசினுக்கா?" என்று கேட்டார். ஆனாலும் தைத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் காட்ட வேண்டிய ஆள் ஒருவர்தான் இருந்தார். ஆனால் நான் நூலும் துணியும் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் அப்பாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. காலையில் அவர் எழும்ப முன் நான் போய்விடுவேன். வந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டுதான் அவருடைய அறைக்குள் போவேன். என்னைப் பழைய டீ-சேட்டோடு மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் மறந்து போகுமுன் ஒரு தடவையாவது, இப்போதுதான் மனிசன் மாதிரி இருக்கிறாய் என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு கூட்டம் முடிந்ததும், மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். இளநீலச் சேட், கருநீலக் காற்சட்டை, மண்ணிறத் தோல் சப்பாத்து. சப்பாத்தைக் கழற்றினால் போட்ட கணக்கெல்லாம் பிழையாகிவிடும் என்று தோன்றியது. வாசலில் கழற்றாமல் அப்படியே உள்ளே போனேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் செய்வதில்லை.

அப்பா யன்னலோரக் கதிரையில் இருந்தார். முதலில் என் காலைத்தான் பார்த்தார். பிறகு அவசரமாக எழும்பினார்.

"வாடிவென்ன மாத்தையா," என்று சிங்களத்தில் ஐயா போட்டு என்னை இருக்கச் சொல்லிவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து அடையாள அட்டையையும் ஒரு பழைய பொலிஸ் பதிவுத் தாளையும் எடுத்து நீட்டினார்.

யுத்த காலத்தில் எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்தவர்கள் ஒரே வகை ஆட்கள்தான், தமிழ் வீடுகளைச் சோதிக்க வரும் பொலிஸ்காரர்கள். சிவில் உடுப்பில், சேட்டை உள்ளே விட்டு, கவனமாக உடுத்தி வருவார்கள். யார் யார் இருக்கிறீர்கள், எந்த ஊர், பதிவு எங்கே என்று கேட்பார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பொடியன். அப்பா சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வார். அந்தச் சிரிப்பை அத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தேன்.

"அப்பா, நான்தான்," என்றேன்.

அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும், ஹட்டன் ஊர்க்கார அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயா, நம்ம தம்பி தானுங்க, பாருங்க."

அப்பாவுக்கு எதுவும் ஏறவில்லை. சிங்களத்திலேயே சொல்லிக்கொண்டு போனார். ஒரே மகன். இப்போது வீட்டில் இல்லை, டியூஷனுக்குப் போயிருக்கிறான். ஒரு இடமும் போகாத பிள்ளை, கூட்டாளிகளும் இல்லை, எந்த நேரமும் கம்ப்யூட்டர்தான். ஒழுங்காக உடுக்கக்கூடத் தெரியாது மாத்தையா, அவன் போய் என்ன பிழை செய்யப் போகிறான்?

என் புதுச் சேட்டின் மேல் அருவருப்பாக இருந்தது. அக்கா வந்து அவர் தோளைத் தொட்டார், அவர் அசையவில்லை. அட்டையை நீட்டியபடியே நின்றார்.

வேறு வழி தெரியாமல் அதை வாங்கினேன். அந்தக் காலத்தில் வந்தவர்கள் செய்தது போலவே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். உங்கள் மகன் மேல் ஒரு முறைப்பாடும் இல்லை, இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

அப்பா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, மகன் வருகிற நேரம், அவன் பயந்த சுபாவம், உங்களைக் கண்டால் பயந்துவிடுவான், குறை நினைக்காமல் அதற்குள் போய்விடுங்கள் என்று கெஞ்சினார்.

நான் வெளியே போனேன். அவர் உள்ளேயிருந்து இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார்.