அறிவிப்பாளரின் இடது கன்னம்

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரலைக் கேட்காதவர் அந்த ஊரில் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு மைக், ஒரு சுழல்நாற்காலி, கால அட்டவணைகளை ஒட்டி ஒட்டியே பாதிக்குமேல் மறைந்துபோன ஒரு கண்ணாடி. அங்கே உட்கார்ந்துதான் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பிவிட்டது, யாருடைய பிள்ளை யாரைத் தேடி அழுகிறது என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் பார்க்காத அந்த முகத்தைத்தான் மனிதர் தினமும் காலையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மழித்துக்கொண்டு போவார்.

“ரேடியோவுக்கு யாராவது பவுடர் பூசுவாங்களா மாமா?” என்று மனைவியின் தம்பி கேட்பான். அவன் வண்டி மெக்கானிக்.

“ஹாரன் நல்லா அடிக்குதுங்கிறதுக்காக நீ வண்டியைக் கழுவாம விட்டுடுவியா?” என்பார் இவர்.

மனைவி கடைத்தெருவில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். பேன்ட்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்க ஊசியும் நூலும்தான். இந்தச் சவரம் அவளுக்கு ஆரம்பத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே குளியலறை. கடைக்கு நேரமாகும்போது உள்ளே தாளிட்டுக்கொண்டு ஒருவர் கன்னத்தைக் கொஞ்சிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கதவைத் தட்டுவாள், கத்துவாள். உள்ளேயிருந்து, “இதோ, தாடைதான் பாக்கி,” என்று மைக்கில் பேசுவதுபோலவே நிதானமாகப் பதில் வரும்.

இத்தனைக்கும் காரணம் சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய். அதற்குக் கைப்பிடி தேடித்தான் அவர் பழைய இரும்புக் கடைக்குப் போனார். குவியலில் கனமாக ஒன்று கையில் அகப்பட்டது. குழாய்க் கைப்பிடி என்றே நினைத்து எடுத்தார். திருகிப் பார்த்தால் தலை தனியாக, பிடி தனியாக வந்தது. பழைய காலத்து சேஃப்டி ரேசர். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெந்நீரில் ஊறவைத்து, துருவைத் தேய்த்து எடுத்து, புது பிளேடு போட்டு ஒரு தரம் முகத்தில் இழுத்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்தார். யானை வாங்கியவன் அங்குசம் வாங்காமல் விடுவானா? அடுத்தடுத்து பிரஷ் வந்தது, கிண்ணம் வந்தது, வட்டக் கட்டிச் சோப்பு வந்தது, படிகாரக் கல் வந்தது. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் குளியலறைக் கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நின்றது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அதைப் பார்த்தாள். சண்டை போடத்தான் போனாள், ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஈரமான பிரஷை அவர் சோப்பில் சுற்றினார், கிண்ணத்தில் சுற்றினார், பிறகு முகத்தில் சுற்றினார். நுரை கெட்டித் தயிராய் நின்றது, ஒரு குமிழி இல்லை. அதன்பிறகு ரேசர். அழுத்தவே இல்லை. அதன் கனத்திலேயே அதை இறங்கவிட்டார். கன்னத்தை உள்ளிருந்து உப்பினார், உதட்டைப் பல்லின் மேல் இழுத்து மடக்கினார், தாடையை ஒரு பக்கம் தள்ளினார். முதலில் முடி சாயும் பக்கமாக ஒரு முறை. மறுபடி நுரை, குறுக்கே ஒரு முறை. கழுத்தில் ஓரிடத்தில் முடி சுழித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. அங்கே வந்ததும் கை தானாகத் திரும்பியது. கத்தரி புதுத் துணியில் ஓடும்போது கேட்குமே ஒரு சத்தம், அதே சத்தம். அவளுக்கு அந்தச் சத்தத்தின் அருமை தெரியும். மூக்கின் மேல் விரல் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனிதருக்குத் தன் முகம் இப்படி இஞ்ச் இஞ்சாகத் தெரியும் என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகும் கதவைத் தட்டத்தான் செய்தாள். கத்துவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அந்த முகம்தான் ஒரு நாள் காலையில் பாதியாக நின்றுபோனது.

அவர் செய்த கூத்தைக் கேளுங்கள். இடது கன்னத்தை உப்பப் பார்த்திருக்கிறார், உப்பவில்லை. ரேசர் வழுக்கியது, மேல் உதட்டில் ஒரு கீறல். வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்திருப்பார்கள். இவர் சோப்பைச் சந்தேகப்பட்டார். முதல் நாள்தான் புதுச் சோப்பு வாங்கியிருந்தார். அதில் எண்ணெய் அதிகம், அதுதான் வழுக்குகிறது என்று முடிவுகட்டி, முகத்தைக் கழுவிவிட்டு, பழைய சோப்பைத் தேடி எடுத்து, முதலிலிருந்து நுரை போட்டார். அப்போதும் சரிவராததால் பிளேடைச் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினார். மூன்றாவது முறையும் முடித்து, படிகாரமும் தேய்த்துவிட்டு, வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியே தானாக வழிந்தது.

“அந்தச் சோப்பு சரியில்ல,” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். சோப்பு என்ற சொல் பாதி காற்றாகப் போனது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் வலப்பக்கம் ஏறியிருந்தது. இடது கண் மூடவில்லை.

“முகம் கோணிக் கிடக்கு, நீங்க உள்ள பிளேடு மாத்திக்கிட்டா இருந்தீங்க?”

“ஒரு பக்கம் பாக்கி இருந்துச்சு,” என்றார் அவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தம்பியின் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா அவரை நெற்றியைச் சுருக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கையைக் காலை அழுத்திப் பார்த்தார். மூளையில் ஒன்றுமில்லை, முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார், கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்து கொடுத்தார்.

“திரும்ப வருமா டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

“பெரும்பாலும் வந்துடும்மா. சில பேருக்குக் கொஞ்சம் நாளாகும். சில பேருக்கு முழுசா வராமயும் போகலாம். பொறுத்துத்தான் பார்க்கணும்.” பிறகு டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “ஆனா இனிமே முகத்துல இப்படி ஏதாவது ஆச்சுன்னா, சவரத்தை முடிச்சிட்டு வராதீங்க சார்.”

வீட்டில் அவர் உறங்கும்போது அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் அவளுக்குத் தெரிந்த பக்கம். கண்ணோரத்தில் கோடுகள், மூக்கிலிருந்து வாய்க்கு ஒரு பள்ளம், நெற்றியில் மூன்று வரி. இடது பக்கத்தில் எதுவுமே இல்லை. வழவழவென்று, அன்றைக்குப் பிறந்ததுபோல. இத்தனை காலத்துச் சிரிப்பும் கோபமும் தோலில் பதிந்துவிட்டன என்றல்லவா நினைத்திருந்தாள்? இல்லை, உள்ளேயிருந்து யாரோ ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இழுப்பவர் விட்டதும் எல்லாம் போய்விட்டது. ஒரு சாதாரணப் புன்னகைக்குப் பின்னால் இத்தனை வேலையா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வராமலே போய்விட்டால்? இந்த மனிதரின் முகம் வராவிட்டால் இந்த மனிதர் வருவாரா?

அவர் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உதடு ஒட்டாமல் பேருந்து என்றோ புறப்படும் என்றோ எப்படிச் சொல்வது? விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். கூண்டுக்கு வேறொரு ஆள் வந்தார். அதைவிட மோசம், சவரம் நின்றுபோனது. ரேசர் அலமாரிக்குப் போனது. கண்ணாடியின் மேல் துண்டு தொங்கியது. வெள்ளையும் கறுப்புமாகத் தாடி வளர்ந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கு ‘ம்’ என்பார்.

“இந்தத் தாடியை எடுத்தா என்ன?” என்றாள் அவள் ஒரு நாள்.

“பாதி முகத்துக்கு எதுக்குச் சவரம்?”

“மீதிப் பாதி என்ன பாவம் பண்ணிச்சு?”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் அத்தோடு விட்டுவிடுகிறவள் இல்லை. மறுநாள் காலை அலமாரியைத் திறந்தாள். கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றி, சோப்பை அப்படியே அதில் போட்டு, பிரஷால் வாளியைக் கலக்குவதுபோலக் கலக்கினாள். நுரை பொங்கி வழிந்தது, பெரிய பெரிய குமிழிகளாக. பிரஷின் அடிக்கட்டை கிண்ணத்தில் இடித்து லொட்டு லொட்டென்று சத்தம் போட்டது. முன்னறையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவள் இன்னும் வேகமாகக் கலக்கினாள்.

அவர் வாசலில் வந்து நின்றார். முகத்தின் நகரும் பாதி முழுக்க வேதனை.

“என்ன பண்றே? துணியா துவைக்கிறே? பிரஷ் முடி உடைஞ்சிடும்! தண்ணியைக் கொட்டு முதல்ல.”

“எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவங்கதான் ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காங்களே.”

பிரஷைப் பிடுங்கிக்கொண்டார். தண்ணீரைக் கொட்டினார், பிரஷை உதறினார், சோப்பைத் துடைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். நுரை திரண்ட பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் கண்ணாடியின் மேலிருந்த துண்டை எடுத்துவிட்டாள். அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, வீணாக்க மனமில்லாமல், நுரையை முகத்தில் பூசினார்.

வலது பக்கம் பழையபடி போயிற்று. இடது பக்கத்தில்தான் சிக்கல். உப்பாத கன்னத்தில், மடங்காத உதட்டில் ரேசரை எப்படி ஓட்டுவது? ஒரு கையில் ரேசர். இன்னொரு கையால் தாடைத் தோலைக் கீழே இழுக்க வேண்டும். வாயோரத்தை வெளியே இழுத்துப் பிடிக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

“இங்க வா,” என்றார். “விரல்ல படிகாரத்தைத் தேச்சுக்கோ, இல்லன்னா வழுக்கும். இங்க வச்சு, காதுப் பக்கமா இழு. ரொம்ப இல்ல. மடிப்பு போற அளவுக்கு.”

மடிப்பு போகிற அளவுக்கு இழுப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் அதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறாள். ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தாள். தோல் செத்த துணிபோல வந்தது. அது அவள் மனதை என்னவோ செய்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ரேசர் அவள் நகத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒரு மயிரிழை இடம் விட்டு, திரும்பிப் போனது. இப்படிப்பட்ட கையைப் போய் இத்தனை வருஷம் கதவைத் தட்டி அவசரப்படுத்தினோமே என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று முதல் காலையில் மூன்று கைச் சவரம். தம்பி கேள்விப்பட்டு, “உதவியாளர் வேற வச்சாச்சா மாமா?” என்று சிரித்தான். அவருக்கும் பாதிச் சிரிப்பு வந்தது. வாரங்கள் போயின. மாத்திரை முடிந்தது, சொட்டு மருந்து நீடித்தது, கன்னம் அப்படியே கிடந்தது. நிலையத்திலிருந்து ஆள்விட்டுக் கேட்டார்கள், எப்போது வருவார் என்று. அவள் கேட்டவர்களிடம் சீக்கிரம் என்றாள். கடையில் ஆளில்லாதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு சாதாரணமான காலை. வலது பக்கம் முடிந்திருந்தது. அவள் விரலில் படிகாரம் தேய்த்து, வாயோரத்தில் வைத்து, வழக்கமான அளவுக்கு இழுத்துப் பிடித்தாள். ரேசர் மேல் உதட்டில் இறங்கியது. முகத்திலேயே மெல்லிய இடம் அதுதான்.

அப்போது அவள் விரலுக்கடியில் ஏதோ எதிர்த்து இழுத்தது.

தன் நாடிதான் துடிக்கிறது என்று நினைத்தாள். மறுபடியும் இழுத்தது. நாடி இல்லை. நூல் அளவுகூட இருக்காது, ஆனால் உள்ளேயிருந்து, வாய்ப் பக்கமாக. பழக்க தோஷத்தில் அவர் உதட்டை மடக்கப் பார்க்கிறார், இத்தனை நாளும் பதில் சொல்லாத கன்னம் இன்றைக்குப் பதில் சொல்கிறது.

அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பிளேடு உதட்டின் மேல் இருக்கிறதே! கத்தினால் அவர் திடுக்கிடுவார், திடுக்கிட்டால் உதடு போயிற்று. வாயை இறுக மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மனிதருக்கோ அவசரம் என்பதே கிடையாது. ரேசரைத் தண்ணீரில் அலசினார், தட்டினார், மறுபடி கொண்டுவந்தார். மூக்குக்கடியில் ஒரு சின்ன இழுப்பு, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் கன்னம் அவள் விரலைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டது. உலகத்தில் இவ்வளவு பெரிய சேதியை இவ்வளவு நேரம் யாரும் வாய்க்குள் வைத்திருந்திருக்க மாட்டார்கள்.

“கை ஆடுது உனக்கு,” என்றார் அவர், ரேசரை எடுத்துவிட்டு.

“ரேசரைக் கீழ வைங்க.”

“இன்னும் ஒரு தரம் குறுக்க…”

“கீழ வைங்கன்னு சொல்றேன்ல!”

வைத்தார்.

“உங்க கன்னம் என் விரலை இழுக்குதுங்க.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. “ஆசையில உனக்கு அப்படித் தோணுது.”

“நூலு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்த்துப் பிழைக்கிறவ நான். எனக்கா தெரியாது? உங்க விரலை வைங்க இங்க. இப்ப உதட்டை மடக்குங்க.”

அவள் விரலை ஒட்டித் தன் ஈர விரலையும் வைத்தார். உதட்டை மடக்கப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார். பிறகு அவர் அசையாமல் நின்றார். இந்தத் தரம் அவர் விரலையும் அது இழுத்தது. கண் நிறைந்து வழிந்தது, மிச்சமிருந்த நுரையில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அழுகையில் வாயின் வலது பக்கம் கோணியது. கொஞ்சம் தாமதமாக, ஒரு நூலளவுக்கு, இடது பக்கமும் கோணியது.

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் கண் கலங்கினால் தாங்காதவள் அவள். அன்றைக்கு இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“அழுங்க,” என்றாள். “நல்லா அழுங்க. ரெண்டு பக்கமும் அழுங்க.”