மாப்பிள்ளையின் காலைக் கழுவ ஒரு பயணம்

திங்கட்கிழமை, காலை 8.02

சூரிச் நிலையத்துப் பலகையில் பெர்ன் ரயிலுக்கு எட்டு மணி இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது. எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கே கிளம்பியும் விட்டது. எனக்கு இது ஒத்துவரவில்லை. கோவை ஜங்ஷனில் வண்டி தாமதமானால் திட்டவாவது ஒரு வேலை இருக்கும். பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து திட்டினால் அவர் நண்பராகவும் ஆகிவிடுவார். இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தமில்லாத பெட்டியில் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு எழுந்து, பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குட்டி போட்ட பூனையாக நடக்க ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நான் கழிப்பறையைத் தேடுகிறேன் என்று நினைத்து, அன்போடு வழி காட்டினார்.

நான் கோவையில் வயரிங் வேலை செய்கிறவன். திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதி வைத்தார்கள், ஆணாக வாழ்கிறேன், அவ்வளவுதான் விஷயம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் தயாரிக்கிறோம். பல தொழில்களில் இருக்கும் திருநம்பிகளின் படமும் பேச்சும் அதில் வரும். பதினாறு வயதில் எனக்கு என் உடம்பைவிட என் எதிர்காலம்தான் பெரிய புதிராக இருந்தது. என்னைப் போன்ற ஒருவர் வேலைக்குப் போய், மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவதை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், பாதிப் பயம் போயிருக்கும். சூரிச்சில் இருக்கும் நண்பர் விமானச் சீட்டு அனுப்பினார். கையில் எட்டு நாள் இருந்தது.

காலை 9.40, துன்

பெர்னிலிருந்து இருபது நிமிடம். ஏரி, அதன்மேல் வெள்ளைக் கப்பல், பின்னால் பனிமலை. அழகாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே நிற்க எனக்குப் பொறுமை இல்லை. நிலையத்தில் ஒரு காப்பி ஐந்து பிராங்க் இருபது. நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் என்று மனம் பெருக்கியதும் நாக்கு சுட்டுவிட்டது.

ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் சமையல்காரர் வாசன், சமையலறையின் பின்வாசலில் காத்திருந்தார். மட்டக்களப்பில் பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர், திருநம்பி. கையில் வெங்காயக் கூடை.

"பதினஞ்சு நிமிசம்தான் இருக்கு. உரிச்சுக்கொண்டே கதைக்கிறன், குறை நினைக்காதேங்கோ" என்றார்.

உங்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும் என்று நான் சற்று நீட்டி முழக்கிச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் காரணம்.

"என்னைப் பாத்து என்ன பழகிறது? வெங்காயம் உரிக்கவோ? நான் ஆரெண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அவையளுக்கு அது முக்கியமில்லை. பன்ரண்டரைக்கு நூற்றிப்பத்துத் தட்டும் சூடா வெளியில போகவேணும். அதுதான் முக்கியம். இதை எழுதுங்கோ, காணும்."

காணும் என்றால் போதும். எழுதிக்கொண்டேன். படம் எடுக்கும்போது தொப்பியை நேராக்கிக்கொண்டார். பதினாறாவது நிமிடம் கதவு சாத்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி, கூர்

சூரிச்சிலிருந்து கிழக்கே நூற்றிருபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியில் வாலன் ஏரி வந்தது. மலை அப்படியே தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது.

நிலையத்துக்கு ஜெயன் வந்திருந்தார். இருபத்தேழு வயது, மருத்துவமனையில் தாதி. அப்பா அம்மா யாழ்ப்பாணத்தார், இவர் பிறந்தது எம்மன்புரூக்கே. அது லுசேர்னை ஒட்டிய தொழிற்சாலை ஊர். மெல்லிய தாடி, சின்னச் சிரிப்பு. என் புத்தகத்தில் மூன்றாவது ஆள் இவர். இரண்டாவது ஆளிடம் மொழிபெயர்க்கவும் இவர்தான் ஒத்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டாவது ஆள் மார்ட்டின், மலைக் கிராமங்களுக்கு மஞ்சள் பஸ் ஓட்டும் சுவிஸ்காரர். பஸ் நிலையத்தில் அவரைச் சந்தித்து, வாழ்க்கையிலேயே மிகவும் பயந்த நாள் எது என்று கேட்டேன். வீட்டில் உண்மையைச் சொன்ன நாள் என்பார், தலைப்பாகப் போடலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் நன்றாக யோசித்து, பனி உறைந்த வளைவில் எதிரே பால் லாரி வந்த நாளைச் சொன்னார். ஜெயன் மொழிபெயர்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு சாப்பிடும்போது நின்றுவிட்டது. நான் அவரைப் படம் எடுக்கக் கேட்டேன்.

"முகம் வேண்டாம் அண்ணை. சனிக்கிழமை போகட்டும், பிறகு பாப்பம்."

சனிக்கிழமை என்ன என்று கேட்டேன். தங்கை துவாரகாவின் கல்யாணமாம். யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை பதிலுக்கு அவன் விரலில் மோதிரம் போடுவார். அந்த இடத்தில் தான் நிற்க வேண்டும் என்று ஜெயனுக்கு ஆசை. மூன்று வருடமாக அவர் வீட்டுக்குப் போகவில்லை. தாடி வந்தபிறகு அம்மா அவரை நேரில் பார்த்ததே இல்லை. போனில் பேசினால் சாப்பிட்டாயா, குளிருக்கு உடுத்தினாயா, அதோடு சரி. அப்பா உயிரோடு இல்லை. ஒன்பது நாளுக்கு முன் துணிந்து, 'நான் தோழனா நிக்கட்டோ அம்மா?' என்று எழுதியிருக்கிறார். அம்மாவின் பதில் இரண்டே சொல்: 'அது சரிவராது.' அதன்பின் ஒன்றும் இல்லை. சித்தியின் இளைய மகன்தான் தோழனாம், துவாரகா சொல்லியிருக்கிறாள்.

"வார்டில ஆரும் சாகக் கிடந்தாலும் கை நடுங்காது எனக்கு. இந்த ரெண்டு சொல்லை வாசிச்சா நடுங்குது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாளைக்கே போய் நேரில் கேளுங்கள், நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுவும் நல்லதுதான். வந்த ஆளுக்கு முன்னால அம்மா சண்டை பிடிக்கமாட்டா. மரியாதை விட்டுப்போகும்."

ஆக, நான் விருந்தாளி மட்டுமில்லை, கேடயமும்கூட.

புதன்கிழமை, காலை 9 மணிக்குச் சற்றுப் பின், கூர் நிலையம்

இரவு ஜெயன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். நாள் முழுக்க எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற சலுகைச் சீட்டு ஐம்பத்திரண்டு பிராங்க். சூரிச்சில் மாறி, லுசேர்னில் மாறி, எம்மன்புரூக்கே. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இந்த முறை பெட்டிக்குள் நடந்தது நான் அல்ல, ஜெயன். இரண்டு பேரும் நடந்தால் பயணச்சீட்டு பார்ப்பவர் குழம்பிவிடுவார் என்று நான் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். லுசேர்ன் வந்ததும், அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம் என்றார். அதே ரயில் அரை மணிக்கொரு தரம் இருக்கிற நாட்டில் திரும்பிப் போவது மிகச் சுலபம். பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பகல் 11.50, எம்மன்புரூக்கே

பழைய ஆலைக் கட்டடங்கள், பரபரப்பான சாலை, நான்கு மாடிக் குடியிருப்புகள். அஞ்சலட்டைப் படத்துக்கு ஆகாத ஊர், எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் மாடி வாசலில் செருப்புகள். உள்ளே எண்ணெய் காயும் வாசனை.

கதவைத் திறந்த அம்மா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு ஜெயனை. முகத்தை, தாடியை, தோளை என்று கண் கீழே இறங்கியது.

"உள்ளுக்கு வாங்கோ, குளிர் வருது" என்றார்.

அவ்வளவுதான் வரவேற்பு. அம்மா பிளாஸ்டிக் ஆலையில் பெட்டி கட்டும் வேலை செய்கிறார், கல்யாணத்துக்காக இந்த வாரம் விடுப்பு. துவாரகா அலுவலகம் போயிருந்தாள். முதலில் வடையும் தேநீரும் வந்தன. பிறகு சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, தேங்காய்ப்பால் சொதி.

"இந்தியாவிலயிருந்தோ தம்பி? எங்கட கறி உறைக்குமோ உங்களுக்கு?"

"இல்லீங்கம்மா, நல்லா இருக்குதுங்க" என்று கண்ணில் நீரோடு சொன்னேன். இன்னொரு கரண்டி விழுந்தது.

ஜெயன் சொன்னது சரி. அம்மா சண்டை பிடிக்கவில்லை. ஜெயனோடு நேரே பேசவும் இல்லை. கோவையில் மழை உண்டா, தேங்காய் என்ன விலை, விமானத்தில் சாப்பாடு தந்தார்களா என்று எல்லாப் பேச்சும் என் தலை வழியாகவே போயிற்று. கேடயத்தைக் கொண்டுவந்ததே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. என்னை வைத்துக்கொண்டு அம்மாவால் திட்டவும் முடியாது, மனதில் உள்ளதைச் சொல்லவும் முடியாது. ஒன்றரை மணிக்கு ஜெயன் கடிகாரத்தைப் பார்த்து, "அப்ப வாறம் அம்மா" என்று எழுந்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே!

தவளை தன் வாயால் கெடும். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏனுங்கம்மா, நான் வெளியாள், தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. ஜெயன் தோழனா நின்னா என்னங்க? அவரு உங்க பையன்தானுங்களே?"

அம்மா கையில் இருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். சத்தம் கேட்டது.

"தம்பி, நீங்கள் எங்கட ஆளில்லை, உங்களுக்குத் தெரியாது. ஆனா இவனுக்குத் தெரியவேண்டாமோ? மூத்தவன் போய்த் தங்கச்சின்ர புருசன்ர காலைக் கழுவுறதோ? எங்கட பக்கத்தில தம்பிமார்தான் கழுவுறது. தம்பி இல்லாட்டி சித்தின்ர பெடியன் கழுவுவான். அண்ணன்காரனைக் குனிய வைச்சா நாளைக்கு மாப்பிள்ளை வீடு எங்களை மதிக்குமோ?"

ஜெயன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அதுக்கோ... சரிவராது எண்டனீங்கள்?"

"வேற எதுக்கு? தகப்பன் இல்லாத வீடு. மண்டப வாசல்ல என்னோட நிண்டு, வாற சனத்தைக் கும்பிட்டு உள்ளுக்கு விடுறது ஆர்? மூத்த பிள்ளையெல்லோ? அதைச் செய்யிறன் எண்டு ஒரு சொல் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீ வேலைக்கு விண்ணப்பம் போடுற மாதிரி, தோழனா நிக்கட்டோ எண்டு கேக்கிறாய். எனக்குக் கோவத்தில விசர் வந்துது. அதுதான் பிறகு எழுதேல்லை."

"அம்மா, முன்னூறு சனம் வரும். எல்லாரும் என்னைப் பாப்பினம்."

"பாக்கட்டும்."

"கேப்பினம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவருக்கும் பயம்தான், எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"என்ன கேப்பினமோ எனக்கும் தெரியாது. மூண்டு வருசமா அதை நினைச்சுத்தான் நித்திரையில்லை. இவன் என்ர மூத்தவன் எண்டு ஒருக்காச் சொல்லுவன். ரெண்டாந்தரம் கேட்டா, உள்ளுக்குப் பலகாரம் இருக்கு, போய்ச் சாப்பிடுங்கோ எண்டுவன். அதுக்குமேல எனக்கு ஒண்டும் தெரியாது."

ஐந்து நிமிடம் குனிந்து காலைக் கழுவிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம் என்று கேட்டு வந்த ஜெயனுக்கு, இரண்டு மணி நேரம் வாசலில் நிமிர்ந்து நிற்கிற வேலை கிடைத்திருந்தது.

"சனிக்கிழமை எனக்கு டீன்ஸ்ட் இருக்கு அம்மா" என்றார் மெல்ல. இங்குள்ள தமிழர்கள் வேலை ஷிப்டை அப்படித்தான் சொல்கிறார்கள்.

"மாத்து" என்றார் அம்மா. பிறகு எனக்கு வடை பொட்டலம் கட்டப் போய்விட்டார்.

மாலை 4.15, சூரிச் நிலையம்

லுசேர்னிலிருந்து முக்கால் மணி நேரமும் ஜெயன் உட்காரவில்லை. கதவருகே நின்று போனை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

"அண்ணை, தோழனெண்டா ஈசி. வாசல் ஏலாது" என்றார் ஒருமுறை. "டீன்ஸ்ட் எண்டு சொல்லிப் போகாமல் நிண்டுட்டால் ஆரும் குறை சொல்லமாட்டினம்" என்றார் இன்னொரு முறை. அவர் சொன்னது நியாயம்தான். நோயாளிகளைக் காட்டி விலகிக்கொண்டால் யார் என்ன கேட்க முடியும்?

சூரிச்சில் நாங்கள் பிரிய வேண்டும். கூர் ரயிலுக்கு எட்டு நிமிடம் இருந்தது. நடைமேடையில் அவர் திடீரென்று யாரையோ அழைத்து சுவிஸ் ஜெர்மனில் படபடவென்று பேசினார். எனக்குப் புரிந்தது சனிக்கிழமையைக் குறிக்கும் 'சம்ஷ்டிக்' என்ற ஒரு சொல்தான். அது மூன்று முறை வந்தது. பேசி முடித்து என்னிடம் திரும்பியபோது நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே ஐந்து டிகிரி.

"வார்டில ஒரு அக்கா என்ர டீன்ஸ்டை எடுக்கிறாவாம். இப்ப தப்பேலாது" என்றார். ரயிலில் ஏறியவர் உடனே இறங்கி வந்து, "படத்தை முகத்தோடையே எடுங்கோ அண்ணை" என்றார். எடுத்தேன். ரயில் கிளம்பும் அவசரத்தில் முதல் இரண்டும் கலங்கிவிட்டன. மூன்றாவதைத்தான் புத்தகத்தில் போடப்போகிறோம்.

வெள்ளிக்கிழமை, பகல் 2.40, சூரிச் விமான நிலையம்

சனிக்கிழமைவரை இருங்கள் என்று ஜெயன் கெஞ்சினார். சீட்டை மாற்ற வழியில்லை. சோதனை வரிசையில் நிற்கும்போது அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"அண்ணை, வேட்டி அவிழாமல் இருக்க என்ன செய்யிறது? அம்மா ஒட்டுற வேட்டி வாங்கித் தரட்டோ எண்டு கேக்கிறா. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"ஒட்டுற வேட்டியே கட்டுங்க தம்பி, மேல ஒரு பெல்ட்டும் போட்டுக்குங்க. கும்பிடுறதுக்கு ரெண்டு கையும் வேணுமில்லீங்களா" என்று பதில் அனுப்பினேன். பின்னால் நின்றவர் முறைத்தார்.

விமானத்தில் ஏறியும் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் நான்தான் மூத்தது. தங்கை கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்தது. எனக்கு அழைப்பில்லை. மண்டபத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. அங்கே இரண்டு மணி நேரம் நின்றேன், மூன்று டீ குடித்தேன். நாதஸ்வரம் நன்றாகக் கேட்டது. எதிரே மண்டப வாசலில் யாரோ ஒருவர் வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். நடுவில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் வீட்டுக்காக அங்கே நின்றது யார் என்று கடைசிவரை என்னால் பார்க்க முடியவில்லை.